கங்காணியும் பயிற்றுநரும்: மலைத் தோட்டத்திலிருந்து ஒரு காற்பந்து வரலாறு

தோட்டப்புறத் தமிழில் ‘துரை’ என்றால் தோட்ட மேலாளர். பெரிய துரை, சின்னத் துரை என்று அப்பதவிக்குள்ளும் படிநிலை உண்டு. துரைக்குக் கீழே கிராணி. கிராணிக்குக் கீழே கங்காணி. கங்காணிக்குக் கீழே தொழிலாளர். ஆங்கிலத்திலிருந்து வந்த ‘மேனேஜர்’ என்ற சொல்லும் அதே தோட்டத்தில் வழங்கியது. பிற்காலத்தில் தொலைக்காட்சி வழியாக அச்சொல் இன்னொரு பொருளோடும் வந்து சேர்ந்தது. இங்கிலாந்தின் காற்பந்துக் குழுக்களில் பயிற்றுநருக்கும் மேனேஜர் என்றே பெயர். சொல் ஒன்று, ஆட்கள் இருவர். தோட்டத்து மேனேஜரை மாற்ற வேண்டும் என்று ஒரு தொழிலாளி வாய்விட்டுச் சொன்னால் வேலை போகும். வேலையோடு லயத்து வீடும் போகும். காற்பந்து மேனேஜரை மாற்ற வேண்டும் என்று அவர் தேநீர்க் கடையில் அமர்ந்து பொழுது சாயும் வரை வாதிடலாம். எதிரில் இருப்பவர் மறுத்துரைப்பார், வாதம் வளரும், யாருக்கும் தீங்கில்லை.

இவ்வுரையில் நாம் ஆராய எடுத்துக்கொண்டது அந்த வாதத்தின் வரலாறு. காற்பந்து இரசிகர் தம் குழுவின் பயிற்றுநரையும் நிருவாகத்தையும் பற்றி வாதிடுவது வெறும் பொழுதுபோக்கு என்று கருதுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. தம்மை ஆள்வோரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லாதிருந்த மக்களுக்கு, ஆட்சித் திறனை எடைபோட்டுப் பேசும் பயிற்சியை அவ்வாதம் அளித்தது. ஆயினும் அது பெரும்பாலும் பயிற்றுநரோடு நின்றுவிட்டது, நிருவாகத்தைத் தொடவில்லை. அதனால் நேர்ந்த இழப்பையும் நாம் காண வேண்டும்.

மலையும் படிநிலையும்

கேமரன் மலைக்கு அப்பெயர் வரக் காரணம் 1885இல் அப்பகுதியை அளந்தறிய வந்த வில்லியம் கேமரன். அங்குப் பெருமளவில் தேயிலை பயிரிடும் முயற்சி 1929இல் தொடங்கியது. ஜே. ஏ. ரசல், இலங்கையில் தேயிலை வளர்த்துப் பழகிய ஏ. பி. மில்ன் என்பவரோடு சேர்ந்து ‘போ’ தோட்டத்தை நிறுவினார். கடல் மட்டத்திற்கு மேல் ஆயிரம் மீட்டரையும் தாண்டிய சரிவுகளில் காடு அழிந்து தேயிலை எழுந்தது. அந்தச் சரிவுகளில் கொழுந்து பறித்தவர்களுள் பெரும்பகுதியினர் தமிழர்.

அவர்களோடு படிநிலையும் மலையேறியது. கங்காணி, ஊரிலிருந்து ஆளைத் திரட்டி வந்தவர். தோட்டத்தில் அவர்களை வேலை வாங்கியவர். காலைப் பெரட்டில் நிற்கும் தலைகளின் எண்ணிக்கைக்கு ஏற்பத் தலைக்காசு பெற்றவர். உதவிப்பணத்தோடு தொழிலாளர் மலாயாவுக்குப் புறப்படுவதை 1938இல் இந்திய அரசு தடுத்தது. அதன்பின் ஆள்திரட்டும் கங்காணியின் வேலை ஓய்ந்தது. வேலை வாங்கும் கங்காணியின் வேலை ஓயவில்லை.

இங்கு ஒன்றைக் குறித்துக்கொள்வோம். தொழிலாளியின் கண்முன் நாள்தோறும் நின்றவர் கங்காணி. ஏசியவர் அவர், பெயரைப் பதிந்தவர் கிராணி. ஆனால் கூலி எவ்வளவு என்பதை இவ்விருவரும் முடிவு செய்யவில்லை. அந்த முடிவு தோட்ட உரிமையாளரின் அலுவலகத்திலும், முதலாளிகளின் சங்கத்திலும், பெரிய நகரங்களின் கணக்கறைகளிலும் எடுக்கப்பட்டது. கோபம் கண்ணுக்குத் தெரிந்தவர்மேல் விழுந்தது. முடிவெடுத்தவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

1941: எங்கள் மொழி அறிந்தவர் வேண்டும்

தோட்ட நிருவாகத்தைப் பற்றித் தொழிலாளர் வெளிப்படையாகப் பேசிய பெருநிகழ்வு மலையில் அன்று, சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத்து இரப்பர்த் தோட்டங்களில் 1941இல் நடந்தது. ஆர். எச். நாதன் முன்னின்ற அவ்வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளை இன்றைய மாணவர் படித்தறிய வேண்டும். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, நல்ல மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல் ஆகியவை அதில் இருந்தன. துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் இருந்தது. அவற்றோடு, கொடுமை செய்யும் மேற்பார்வைப் பணியாளரை நீக்கி, தமிழ் பேசுவோரை அமர்த்த வேண்டும் என்ற கோரிக்கையும் இருந்தது.

அந்தக் கடைசிக் கோரிக்கை நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. எங்களை மேற்பார்ப்பவர் யார், அவர் எங்கள் மொழியைப் புரிந்தவரா, எங்களிடம் எவ்வாறு நடந்துகொள்கிறார் என்று தொழிலாளர் கேட்டனர். பணியமர்த்தத்தைப் பற்றிய கேள்வி அது. அரசு அதற்குப் படையைக் கொண்டு விடையளித்தது. தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். நாதன் நாடு கடத்தப்பட்டார். தோட்டத்தில் இக்கேள்வியைக் கேட்பதன் விலை என்ன என்பதை ஒரு தலைமுறை அவ்வாறு கற்றுக்கொண்டது.

பேச இடம் கொடுத்த ஆட்டம்

காற்பந்து இதற்கு முன்பே நாட்டில் வேரூன்றியிருந்தது. கோலாலம்பூரில் தமிழர் உடற்பயிற்சிக் கழகம் 1914ஆம் ஆண்டு முதல் இயங்கி வந்தது. ‘மலாயா’ என்னும் போர்க்கப்பல் 1921இல் இங்கு வந்து சென்றதன் நினைவாக வழங்கிய கிண்ணம், மாநிலங்கள் போட்டியிடும் மலாயாக் கிண்ணமாயிற்று. 1967இல் அது மலேசியக் கிண்ணம் என்று பெயர் மாறியது. இக்கிண்ணத்தின் சிறப்பு, அது ஒவ்வொருவருக்கும் ஒரு மாநிலத்தைத் தந்தது என்பதே. குடியுரிமைத் தாளுக்காகக் காத்திருந்த தோட்டத் தொழிலாளிகூட, ஆட்ட நாளில் ஐயமின்றிப் பேராக்காரர், சிலாங்கூர்க்காரர், பகாங்காரர் ஆனார்.

கேமரன் மலையின் நிலை இதில் தனித்தன்மை உடையது. அது பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது. பகாங் குழுவின் அரங்கமோ கிழக்குக் கரையில், குவாந்தானில் உள்ளது. மலையிலிருந்து இறங்கும் சாலையோ மேற்கே பேராக் மாநிலத்துத் தாப்பாவிற்குச் செல்கிறது. பல்லாண்டுகள் அந்தச் சாலை ஒன்றே வழியாக இருந்தது. ஆகவே ரிங்லெட்டிலும் தானா ராத்தாவிலும் வாழ்ந்தவருக்கு நிலவரி ஒரு மாநிலத்தில், சந்தையும் பெரிய மருத்துவமனையும் இன்னொரு மாநிலத்தில். காற்பந்துப் பற்றும் இவ்வாறு இரண்டாகப் பிரிய இடமிருந்தது. பகாங் மலேசியக் கிண்ணத்தை முதன்முதலில் 1983இலும் மீண்டும் 1992இலும் வென்றது. பேராக்கும் கிண்ணத்தைப் பலமுறை வென்ற பழம்பெருமை உடைய குழு. ஒரே கடையில் இரு மாநிலத்து இரசிகர் அமர்ந்தால் பேச்சுக்குப் பஞ்சமிராது.

அப்பேச்சின் இயல்பைக் கவனிப்போம். யாரை முன்னணியில் இறக்கியிருக்க வேண்டும், மாற்றாட்டக்காரரை ஏன் தாமதமாக அனுப்பினார், வெளிநாட்டுப் பயிற்றுநர் நம் ஆட்டக்காரரை அறிவாரா, உள்நாட்டவருக்கு ஏன் வாய்ப்பில்லை என்பன போன்ற கேள்விகள் அதில் எழும். ஒவ்வொன்றும் தலைமை, பொறுப்பு, நியமனம் பற்றிய கேள்வி. 1941இல் கேட்கத் தடைசெய்யப்பட்ட கேள்வியே, வேறு உடை அணிந்து திடலோரத்தில் கேட்கப்பட்டது.

மூன்று பயிற்றுநர், ஒரே பாடம்

அண்மைக் காலத்து நிகழ்வுகள் மூன்று, இந்த வாதத்தின் வலிமையையும் குறையையும் ஒருங்கே காட்டுகின்றன.

2007ஆம் ஆண்டு ஆசியக் கிண்ணப் போட்டியை நடத்திய நான்கு நாடுகளுள் மலேசியாவும் ஒன்று. சொந்த மண்ணில் தேசியக் குழு சீனாவிடம் 1-5, உஸ்பெகிஸ்தானிடம் 0-5, ஈரானிடம் 0-2 என மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. பயிற்றுநர் நோரிசான் பக்கார் விலக, பி. சத்தியநாதன் பொறுப்பேற்றார். 2009 சனவரியில் ஐக்கிய அரபுச் சிற்றரசுகளிடம் 0-5 எனத் தோற்றபின் அவரும் நீக்கப்பட்டார். தகுதியற்றவர் என்ற தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டதாகவே பலர் எண்ணினர். ஆனால் அடுத்த ஆண்டே, 2010இல், கிளந்தான் தன் வரலாற்றில் முதன்முறையாக மலேசியக் கிண்ணத்தை வென்றது. அக்குழுவின் பயிற்றுநர் அதே சத்தியநாதன்.

அவருக்குப் பின் தேசியக் குழுவை ஏற்றவர் கே. ராஜகோபால். அவர் வழிநடத்திய இளையோர் குழு 2009 டிசம்பரில் லாவோசில் தென்கிழக்காசிய விளையாட்டுத் தங்கத்தை வென்றது. அது இருபது ஆண்டுகளுக்குப் பின் வந்த தங்கம். 2010 டிசம்பரில் தேசியக் குழு இந்தோனேசியாவை இரு ஆட்டங்களில் மொத்தம் 4-2 என வென்று, தென்கிழக்காசிய வெற்றியாளர் கிண்ணத்தை முதன்முறையாகக் கொண்டுவந்தது. அவற்றுள் முதல் ஆட்டம் நடந்த இரவில் புக்கிட் ஜாலில் அரங்கில் எழுந்த ஆரவாரத்தில் இனப் பிரிவினை கேட்கவில்லை. மலேசிய இந்தியர் ஒருவரின் பெயரை நாடு முழுவதும் உரக்கச் சொன்னது தோட்டப்புறத்திலும் பெருமிதத்தை எழுப்பியது. ஆயினும் 2011இல் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் சிங்கப்பூரிடம் தோல்வி, 2012இல் கிண்ணத்தைத் தக்கவைக்க இயலாமை என நிகழ்ந்தபோது, உயர்த்திய குரல்களே அவரை மாற்றக் கோரின. 2013ஆம் ஆண்டோடு அவர் காலம் முடிந்தது.

மூன்றாமவர் டொல்லா சாலே. பகாங் 2013இல், 21 ஆண்டுகளுக்குப் பின், மலேசியக் கிண்ணத்தை வென்றபோது அதன் பயிற்றுநர் அவர். அந்த வெற்றியே அவரை 2014இல் தேசியக் குழுவுக்கு அழைத்துச் சென்றது. 2015 செப்டம்பர் 3ஆம் நாள் அபுதாபியில் தேசியக் குழு 0-10 எனத் தோற்றது. அவர் பதவி விலகினார்.

இம்மூவரையும் ஒருசேர வைத்துப் பார்த்தால் ஒன்று புலனாகும். தோற்றவராக நீக்கப்பட்டவர் அடுத்த ஆண்டு வென்றார். வென்றவராகப் போற்றப்பட்டவர் சில ஆண்டுகளில் வெளியேறினார். மாநிலத்தில் வென்றவர் நாட்டுக்காகப் பத்துக் கோல் வாங்கினார். ஆள் மாறவில்லை, அவரைச் சுற்றியிருந்த அமைப்பு மாறியது. எத்தகைய ஆட்டக்காரர் கிடைக்கின்றனர், இளையோர் பயிற்சி எவ்வாறு நடக்கிறது, ஊதியம் காலத்தில் வருகிறதா, ஆயத்தத்திற்கு எத்தனை நாள் தரப்படுகிறது என்பவற்றைப் பயிற்றுநர் முடிவு செய்வதில்லை. அவர் நல்லவரா, திறமையற்றவரா என்று மட்டும் கேட்கும்போது நாம் கங்காணியைப் பார்த்து நிற்கிறோம்; கணக்கறையைப் பார்ப்பதில்லை.

கணக்கறையை நோக்கி

இரசிகர் நிருவாகத்தை நோக்கித் திரும்பிய நாளும் உண்டு. அபுதாபித் தோல்விக்கு ஐந்து நாள் கழித்து, 2015 செப்டம்பர் 8ஆம் நாள், ஷா ஆலாமில் சவூதி அரேபியாவுடன் தகுதிச் சுற்று ஆட்டம் நடந்தது. இரசிகருள் ஒரு பகுதியினர் மலேசியக் காற்பந்துச் சங்கத்தின்மீது கொண்ட சினத்தைத் தீப்பந்துகளாலும் புகைக் குழல்களாலும் காட்டினர். மலேசியா 1-2 என்ற நிலையில், முடிய மூன்று நிமிடம் இருக்க, ஆட்டம் கைவிடப்பட்டது. உலகக் காற்பந்துச் சம்மேளனம் 3-0 எனச் சவூதிக்கு வெற்றியை வழங்கியது.

தீயை நாம் ஏற்கவில்லை; அது குடும்பத்தோடு வந்தவரை அச்சுறுத்தியது, தம் குழுவையே தண்டித்தது. எனினும் வரலாற்று மாணவர் அத்தோடு நிற்கலாகாது. கேள்வி கேட்க முறையான அவை இல்லாத இடத்தில் குரல் எவ்வடிவம் கொள்கிறது என்பதையும் அவர் கேட்க வேண்டும். இரசிகர் நுழைவுச் சீட்டு வாங்கினர், சட்டை வாங்கினர், ஆனால் எந்த ஆண்டுக் கூட்டத்திலும் அவர்களுக்கு நாற்காலி இல்லை.

அதன் விளைவு பின்னர்த் தெளிந்தது. மாநிலக் காற்பந்துச் சங்கங்களின் கையிலிருந்த குழுக்கள் தனி நிறுவனங்களாக மாற வேண்டும் என்ற ஏற்பாடு 2021இல் நடைமுறைக்கு வந்தது. பெயர் மாறியது; பணம் வரும் வழி பெரிதும் மாறவில்லை. மாநில அரசின் உதவியையோ ஓரிரு நிறுவனங்களின் மனத்தையோ நம்பியே குழுக்கள் நின்றன. ஆட்டக்காரரின் ஊதிய நிலுவை ஆண்டுதோறும் செய்தியாயிற்று. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் குழுவாக வளர்ந்து, 2019 முதல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்கில் ஆடிய குழு, 2022 பருவத்தோடு விலகியது. கே. தேவன், பி. மணியம் போன்ற உள்நாட்டுப் பயிற்றுநருக்கு உயர்மட்டத்தில் இடமளித்த குழு அது. பின்னர் 2025இல் பகாங் குழு சூப்பர் லீக்கிலிருந்து விலகியது. பேராக் குழுவும் அப்பருவத்தில் இடம்பெறவில்லை.

கேமரன் மலையிலிருந்து இதைக் காண்போம். கிழக்கே பகாங், மேற்கே பேராக் எனப் பிரிந்து வாதிட்ட இருவருக்கும் ஒரே ஆண்டில் வாதிடக் குழு இல்லாமற் போயிற்று. எந்தப் பயிற்றுநரும் தவறான ஆட்டக்காரரை இறக்கியதால் இது நேரவில்லை. நாம் பல பத்தாண்டுகள் வாதிட்ட பொருளும், நம் குழுவின் உயிரை முடிவு செய்த பொருளும் வெவ்வேறாக இருந்தன.

பங்குப் பணமும் கேள்வி கேட்கும் உரிமையும்

பிற நாடுகளில் வேறு வழி உண்டா? செருமனியில் 1998 முதல் ஐம்பதுக்கு மேல் ஒன்று என்னும் விதி நடப்பில் உள்ளது. காற்பந்து நிறுவனத்தில் வாக்குரிமையின் பெரும்பகுதி உறுப்பினர் சங்கத்திடமே இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். விதிவிலக்குகள் சில உண்டு. பார்சலோனாக் குழுவின் தலைவரை உறுப்பினரே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். இவ்வழியும் தவறே நேராத வழியன்று. பார்சலோனாவின் கடன் 2021இல் நூறு கோடி யூரோவைத் தாண்டியது. ஆனால் அங்குக் கணக்கைக் கேட்கும் உரிமை உறுப்பினரிடம் உள்ளது. தலைவர் தவறினால் அடுத்த தேர்தலில் விடை சொல்ல வேண்டும்.

இது நமக்கு அயலான கருத்து என்று எண்ண வேண்டா. நம் வரலாற்றிலேயே இதற்கு முன்மாதிரி இருக்கிறது. விடுதலைக்குப் பின் வெள்ளைக்கார முதலாளிகள் இரப்பர்த் தோட்டங்களை விற்றுச் செல்ல, அவற்றை வாங்கியோர் துண்டு துண்டாக்கி விற்றனர். தோட்டத் துண்டாடலால் ஆயிரக்கணக்கானோர் வேலையும் வீடும் இழந்தனர். அப்போது வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் தம் சிறு கூலியிலிருந்து தவணை தவணையாகப் பங்குப் பணம் செலுத்தினர். அப்பணத்தைக் கொண்டு சங்கம் தோட்டங்களை வாங்கியது. கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் அதன் தொடக்கம். துரையை மாற்ற வேண்டும் என்று கேட்க இயலாதிருந்தவர், துரையை நியமிக்கும் சங்கத்தின் உறுப்பினரானார். எல்லாத் தோட்டங்களையும் அது காக்கவில்லை. ஆயினும், கோபத்திலிருந்து கணக்குக்கும், கணக்கிலிருந்து உரிமைக்கும் நடக்க முடியும் என்பதைத் தோட்டத் தமிழர் ஒருமுறை செய்து காட்டினர்.

ஆகவே நாம் ஆசிரியர்முன் வைப்பது எளிய வேண்டுகோள். வகுப்பில் காற்பந்துப் பேச்சு எழுந்தால் அதை அடக்க வேண்டா, அதைக் கூர்மையாக்கலாம். பயிற்றுநர், குழு மேலாளர், நிருவாகி, உரிமையாளர் ஆகிய நான்கு சொற்களுக்கும் உரிய பொருளை மாணவர் வேறுபடுத்திச் சொல்லட்டும். ஒரு தோல்விக்குப் பின், இந்நால்வருள் யார் எதை முடிவு செய்தார் என்று எழுதட்டும். ‘மேனேஜர்’ என்ற ஒற்றைச் சொல் பலரை மறைத்து வைத்திருந்தது. சொற்கள் பிரியும்போது பொறுப்புகளும் பிரிந்து தெரியும்.

இன்று கேமரன் மலையில் கொழுந்து பறிப்போருள் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும் மிகுதி. பழைய தோட்டக் குடும்பங்களின் பிள்ளைகள் ஊர்களுக்கும் நகரங்களுக்கும் சென்றுவிட்டனர். பெரட்டுக் களத்தில் வாய்மூடி நின்ற பாட்டன்மாரின் பேரப்பிள்ளைகள் அவர்கள். பயிற்றுநரை மாற்றுக என்று உரக்கச் சொல்ல அவர்கள் அஞ்சுவதில்லை. அதற்கு அடுத்த கேள்வியான கணக்கு எங்கே என்பதையும், அதே துணிவோடும் அமைதியோடும் கேட்க அவர்களுக்குக் கற்பிப்பது நம் கடமை.